எழும்பூரில் வந்து நின்றவன்

1

இந்தக் கதை எனக்கு ஷாங்காயிலிருந்து கிடைத்தது. நான் ஷாங்காய்க்குப் போனதில்லை. என்னிடம் பாஸ்போர்ட்கூடக் கிடையாது. 1996-இல் மயிலாப்பூர்ப் பக்கம் ஒரு பெண்கள் கல்லூரியில் வரலாறு நடத்திக்கொண்டிருந்தேன். அந்த வருஷம் சீன நகரங்களின் வரலாறு என்று ஒரு தாளைப் புதிதாகச் சேர்த்தார்கள். மூத்த ஆசிரியைகள் ஒவ்வொருவராக நழுவிக்கொள்ள, அபயாம்பாள் என்கிற என் தலையில் அது விழுந்தது.

படிக்கப் படிக்க சுவாரசியமாகத்தான் இருந்தது. நூறு வருஷத்துக்கு முன்னால் ஷாங்காயில் இருந்தவர்களில் பெரும்பாலோர் வேறு எங்கிருந்தோ பிழைக்க வந்தவர்கள். ஊருக்கு ஊர் ஒரு சங்கம் வைத்துக்கொண்டார்கள். வேலை வாங்கித் தர, தங்க இடம் பார்த்துக் கொடுக்க, சண்டை வந்தால் பஞ்சாயத்துப் பேச, செத்துப்போனால் சவப்பெட்டியைப் பத்திரமாக வைத்திருந்து சொந்த ஊருக்கு அனுப்ப. நிங்போ ஊர்க்காரர்களின் இடுகாட்டுக்குக் குறுக்கே, அந்த நகரில் ஒரு பகுதியைக் கையில் வைத்திருந்த பிரெஞ்சுக்காரர்கள் ரோடு போட வந்தபோது பெரிய கலவரமே நடந்திருக்கிறது. ஷாங்காயிலேயே பிறந்து வளர்ந்தவனைக் கேட்டாலும் நான் நிங்போக்காரன், நான் கான்டன்காரன் என்றுதான் சொல்வானாம். யாங்சி ஆற்றுக்கு வடக்கேயிருந்து வந்த ஏழைகள் பாடுதான் கஷ்டம். அவர்களுடைய ஊர்ப் பெயரே அங்கே வசவு. அதனால் சிலர் சொந்த ஊரை மறைத்து வேறு ஊர் சொல்லிக்கொண்டார்கள்.

ஒரு சிறுபத்திரிகைக்கு இதைப் பற்றிக் கட்டுரை தருவதாக ஒப்புக்கொண்டேன். அதன் முதல் வாக்கியம்:

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஷாங்காயில் குடியேறிய மக்களின் அடையாள உருவாக்கத்தில் ஊர்ச் சங்கங்கள் ஆற்றிய பங்கு

அது இன்றைக்கும் அப்படியே நிற்கிறது. அதை எழுதும்போது நான் அடையாறு புற்றுநோய் ஆஸ்பத்திரியில் என் நாத்தனாரின் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். நாத்தனார் தூங்கிக்கொண்டிருந்தார். அடுத்த கட்டில் பெண் ரொம்ப நேரமாக என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்ன டீச்சர், வந்ததுலேர்ந்து எழுதிக்கிட்டே இருக்கிய?"

சொன்னேன். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"சீனாக்காரனுக்கும் சங்கமா! எங்க ஊருக்கும் தி.நகர்ல ஒண்ணு இருக்கு டீச்சர். அதை நம்பித்தான் நான் இங்க வந்து கெடக்கேன்."

அவள் பெயர் செல்லக்கனி. நாற்பது வயதிருக்கும். மார்பில் கட்டி. அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்திருந்தார்கள்.

[செல்லக்கனியின் ஊரைத் தேரிவிளை என்று சொல்லப்போகிறேன். அது நான் வைத்த பெயர். தூத்துக்குடிக்குத் தெற்கே செம்மண்ணும் பனையுமாக ஓர் ஊர் என்று நினைத்துக்கொள்ளுங்கள். கதையில் வருகிறவர்களின் பெயர்களையும் மாற்றிவிட்டேன், இரண்டைத் தவிர. அந்த இரண்டையும் நானாக வைத்திருந்தால் இவ்வளவு பொருத்தமாக வைக்க வெட்கப்பட்டிருப்பேன்.]

2

எங்கே ஆரம்பிப்பது என்று மூன்று விதமாக எழுதிப் பார்த்தேன்.

முதலாவது: "அடையாற்றின் கரையில், கோட்டூர்புரம் பாலத்தை ஒட்டிய குடிசை ஒன்றில் அவன் பிறந்தபோது, அவன் தாய்க்கு முன்பே இரண்டு குழந்தைகள் தங்காமல் போயிருந்தன. இதையாவது எமன் சீந்தாமல் விடட்டும் என்று மண்ணாங்கட்டி எனப் பெயர் வைத்து —"

அடித்துவிட்டேன். பிறப்பிலிருந்து தொடங்கினால் அவனுக்கு வேலை கிடைப்பதற்குள் உங்களுக்கு அலுத்துவிடும்.

இரண்டாவது: "ஒருவன் பெயரை இன்னொருவன் எடுத்துக்கொள்வது திருட்டா, இரவலா?"

இதைப் படித்துவிட்டு என் கணவர் ஸ்ரீரங்கன், "பட்டிமன்றத்துக்குத் தலைப்பு குடுத்த மாதிரின்னா இருக்கு. மனுஷாளைக் கொண்டுவா முதல்ல" என்றார். அதையும் அடித்தேன்.

மூன்றாவதை வைத்துக்கொள்கிறேன்.

1989. பாண்டி பஜாரில் ஷாஹுல் ஹமீதின் கடை. பெட்டி, பை, குடை விற்கிற கடை. வேலைக்கு ஆள் வேண்டுமென்றால் அவர் தேரிவிளைக்குத்தான் சொல்லி அனுப்புவார். இந்துவோ முஸ்லிமோ, தேரிவிளையாக இருந்தால் போதும். உள்ளூர் ஆளைச் சேர்க்கமாட்டார். 'மெட்ராஸ்காரன் நாலு நாள் வருவான், அஞ்சாம் நாள் கல்லாவோட போயிருவான்' என்பது அவருடைய கட்சி. சென்னை வாழ் தேரிவிளை மக்கள் நலச் சங்கத்துக்கும் அவர்தான் தலைவர்.

மண்ணாங்கட்டி அப்போது மீன்பாடி வண்டி மிதித்துக்கொண்டிருந்தான். பாரிமுனைக் கிடங்குகளிலிருந்து தி.நகர்க் கடைகளுக்குச் சரக்கு கொண்டுவருவான். கிடங்கில் சுமை தூக்கிய பொன்ராஜ் அவனுக்குச் சிநேகிதன். பொன்ராஜ் தேரிவிளைக்காரன், வீட்டில் சண்டை போட்டுக்கொண்டு மீசை முளைக்குமுன்பே ஓடிவந்தவன். ஷாஹுல் ஹமீது கடையில் அவனுக்கு வேலை சொல்லிவைத்திருந்தார்கள். அதற்குள் அவனுக்குப் பம்பாய் ஆசை வந்துவிட்டது.

"பாண்டி பஜார் பக்கம் போனா நான் வரலன்னு அந்த அண்ணாச்சிட்ட ஒரு வார்த்தை சொல்லிருல" என்று மண்ணாங்கட்டியிடம் சொல்லிவிட்டு ரயில் ஏறினான்.

மண்ணாங்கட்டி அதைச் சொல்லத்தான் போனான். ஷாஹுல் ஹமீது புதுச் சரக்கைப் பிரித்துக்கொண்டிருந்தவர் தலையைத் தூக்காமலே கேட்டார்.

"நீதான் பொன்ராஜா?"

வெளியே அவனுடைய வண்டியைப் போக்குவரத்துப் போலீஸ்காரர் லத்தியால் தட்டி, யாருடையது என்று கத்திக்கொண்டிருந்தார். உள்ளே மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது.

"ஆமா அண்ணாச்சி."

"பரமசிவம் மவன்தானல?"

"ஆமா."

"சாப்பிட்டியா? மேல சோறு இருக்கும். தின்னுட்டு வா."

நேர்முகத் தேர்வு முடிந்தது. வண்டியை வாடகைக்கு விட்டவர் வந்து எடுத்துக்கொண்டு போனதாக மண்ணாங்கட்டி பிறகு என்னிடம் சொன்னான்.

3

இனி அவனை எந்தப் பெயரால் எழுதுவது? இந்த இடத்தில் என் பேனா நிஜமாகவே நின்றது. கடையில் எல்லோரும் கூப்பிட்ட பெயரையே நானும் எழுதுகிறேன்.

பொன்ராஜுக்குத் தேரிவிளைப் பேச்சு முக்கால்வாசி வந்தது. கிடங்கில் பல வருஷம் கேட்ட பேச்சுதான். வராத கால்வாசிக்கும் ஒரு காரணம் கிடைத்தது: சின்ன வயதிலேயே ஊரைவிட்டு வந்தவன், போதாததற்கு மெட்ராஸ் பெண்ணைக் கட்டியிருக்கிறான். அந்தப் பெண் ஷீலா. ஆற்றங்கரையில் அடுத்த குடிசையிலேயே வளர்ந்தவள். மாமியார் வீட்டோடு இருப்பதாகக் கடையில் சொல்லிவைத்தான்.

தேரிவிளையிலிருந்து வியாதிக்காரர்கள் அடையாறு ஆஸ்பத்திரிக்கு வருவார்கள். ரயிலடிக்குப் போய் அழைத்துவர வேண்டும், வரிசையில் நின்று சீட்டு வாங்க வேண்டும், ரத்தம் கொடுக்க ஆள் பிடிக்க வேண்டும். சங்கத்தில் இருந்தவர்கள் பெரிய பெரிய கடைக்காரர்கள்தான், ஆனால் தி.நகரைத் தாண்டினால் அவர்களுக்குத் திசை தெரியாது. எனவே எல்லாவற்றுக்கும் பொன்ராஜ். எழும்பூர் வாசலில் ஆட்டோக்காரரிடம் அவன் பேரம் பேசுவதை ஊர்க்காரர்கள் வாய்பிளந்து பார்ப்பார்கள்.

"யோவ், அடையாறுக்கு இன்னா சிங்கப்பூர் ரேட்டு சொல்லிக்கினு கீற? சீக்காளி வந்துகீது, பாத்தா தெர்ல உனக்கு?"

"நம்ம பொன்ராசு மெட்ராஸ் பாஷைய எப்படிப் பிடிச்சுக்கிட்டான் பாத்தியளா!" என்பார்கள்.

[இந்த இடம் எனக்கே சிரிப்பாக இருக்கிறது. ஆனால் அவனுக்கு இருந்தது பயம். "தூக்கத்துல நான் எந்த பாஷைல பேசறேன்னு ஷீலாவக் கேப்பேன் டீச்சர்" என்று பிற்பாடு சொன்னான்.]

குணமானவர்களும் ஆகாதவர்களும் ஊருக்குத் திரும்பிப்போய் பொன்ராஜைப் பற்றிப் பேசினார்கள். பேச்சு அவன் அக்காள் காதுக்குப் போயிற்று. அதாவது, பொன்ராஜின் அக்காள் காதுக்கு. அவள்தான் செல்லக்கனி. கூடப்பிறந்தவன் போன இடம் தெரியாமல் இருந்தவளுக்கு அவன் சென்னையில் நல்லபடியாக இருக்கிறான், நாலு பேருக்கு உதவுகிறான் என்று தெரிந்ததும் தலைகால் புரியவில்லை. அடுத்து ரயில் ஏறியவர்களிடமெல்லாம், "அக்கா கேட்டான்னு சொல்லுங்க" என்று சொல்லி அனுப்பினாள்.

"சௌரியமா இருக்கேன்னு சொல்லுங்க" என்று அவன் பதில் அனுப்பினான். வேறென்ன செய்வான்? ஒரு தீபாவளிக்கு, "அக்காளுக்கு ஒண்ணும் குடுத்து விடலையா?" என்று ஷாஹுல் ஹமீதே கேட்டுவிட, ரங்கநாதன் தெருவில் ஒரு சேலை எடுத்துக் கொடுத்துவிட்டான். அரக்குக் கலர். அதன்பிறகு வருஷாவருஷம் சேலை போயிற்று. அங்கிருந்து கருப்பட்டி வந்தது.

ஏழு வருஷம் இப்படி ஓடியது. பார்க்காமல், எழுதாமல், வருகிறவர் போகிறவர் வாய்வழியாக ஓர் அக்காளும் தம்பியும்.

4

"உங்க அக்கா வாராவ. மாருல கட்டியாம்" என்று ஷாஹுல் ஹமீது ஒரு நாள் கடையில் சொன்னார். "மச்சானும் கூட வாராரு. நீ ஒரு வாரம் கடைக்கு வராண்டாம்."

அன்று வீட்டில் நடந்ததை ஷீலா எனக்குச் சொன்னாள்.

"போவாத" என்றிருக்கிறாள் அவள். "ஜொரம்னு சொல்லிக்கினு வூட்ல குந்து. வேற யார்னா போயி இட்டாரட்டும்."

"யார் போவாங்க? அவங்களுக்கு எய்ம்பூரே தெரியாது."

"அந்தம்மா உன்ன பாத்தவொடனே நீ யாருன்னு கேக்கும். அப்ப இன்னா சொல்லுவ?"

"தெர்ல. ஆனா நோவோட வந்து எறங்கற பொம்பள பிளாட்பாரத்துல நின்னுக்கினு இருக்கக்கூடாது."

காலையில் தூத்துக்குடி ரயில் வந்து நின்றது. பொன்ராஜ் சங்கத்தின் பெயர் எழுதிய அட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றான். ஒரு பெட்டியிலிருந்து முதலில் கணவர் வெள்ளத்துரை இறங்கினார். பின்னால் அரக்குச் சேலையில் செல்லக்கனி. அவள் அட்டையைப் பார்த்தாள். அதைப் பிடித்திருந்தவன் முகத்தைப் பார்த்தாள். அவனுக்குப் பக்கத்தில் வேறு யாராவது நிற்கிறார்களா என்று பார்த்தாள். மறுபடியும் அவன் முகத்தைப் பார்த்தாள்.

அவன் அட்டையை இறக்கிக் கக்கத்தில் வைத்துக்கொண்டான்.

"எங்க, ஒந் தம்பியக் காணோம்?" என்றார் வெள்ளத்துரை. மச்சினனை அவர் கடைசியாகப் பார்த்தது கல்யாணப் பந்தலில், அரைக்கால் சட்டையில்.

"இந்தா நிக்கான்லா" என்றாள் செல்லக்கனி. கிட்டே வந்து அவன் கன்னத்தைத் தொட்டாள். "என்னல, இப்படி மெலிஞ்சு போயிட்ட?"

5

இங்கே எனக்கு வெள்ளத்துரை மேல் சந்தேகம் வந்தது. மனைவியின் தம்பி மாறியிருப்பது ஒரு மனிதனுக்குத் தெரியாமலா போகும்? அவரைக் கொஞ்சம் அசடாகக் காட்டி எழுதிப் பார்த்தேன். பிறகு முரடனாக. இரண்டுமே பொய்யாக இருந்தன. நான் பார்த்த வெள்ளத்துரை, உப்பளத்தில் மேஸ்திரி வேலை பார்த்தவர். ஆஸ்பத்திரி வாசனைக்கே முகம் வெளுத்துப்போய், எங்கே கையெழுத்துப் போடச் சொன்னாலும் பேனாவைக் கீழே போடுகிறவர். கெட்டவர் இல்லை. ஆனால் ஊரில் இருக்கும்போது, "மெட்ராஸ் போயி யாரை நம்பி நிக்க? நாட்டு மருந்து பாப்போம்" என்று மாதக்கணக்கில் தள்ளிப்போட்டவர். "ஏந் தம்பி இருக்கான்" என்ற ஒரு வார்த்தையைச் சொல்லித்தான் செல்லக்கனி அவரை ரயில் ஏற்றியிருக்கிறாள்.

வந்த மறுநாள் வெள்ளத்துரை குளிக்கப் போயிருந்த நேரத்தில், ஆஸ்பத்திரி மரத்தடியில் அவள் பொன்ராஜைக் கேட்டாள். இதை இரண்டு பேருமே எனக்குச் சொன்னார்கள். சொன்னதில் வித்தியாசம் இல்லை.

"அவன் எங்க?"

"பம்பாய் போறேன்னு போனாம்மா. அப்புறம் ஒண்ணும் தெரியாது."

"உசுரோட இருக்கானா?"

"தெரியாதும்மா. சத்தியமா தெரியாது."

அவள் தன் முந்தானையை விரித்துப் பார்த்தாள்.

"அந்தச் சேலையெல்லாம் நீதான் எடுத்தியா?"

"ஆமா. ஷீலாதான் கலரு பாக்கும்."

"நல்லாத்தான் பாக்கா" என்றாள். பிறகு, "அம்மான்னு சொல்லாத. அவிய காதுல விழுந்தா வம்பு. அக்கான்னு சொல்லு."

என்னிடம் இதைச் சொன்னபோது அவள் அழுதாள். "ஏழு வருசமா ஏந் தம்பி இருக்கான், இருக்கான்னு இருந்தேன் டீச்சர். அந்த பிளாட்பாரத்துல ஒரே நிமிசத்துல அவனைப் பறிகுடுத்துட்டேன். அழக்கூட முடியல. அழுதா சாயங்கால ரயில்லயே என்னத் திருப்பிக் கூட்டிட்டுப் போயிருவாவ."

6

இப்போது கதையில் ஒரு லாரி வர வேண்டும். சௌகரியத்துக்காக நான் வரவழைத்தது என்று நினைத்துவிடாதீர்கள். அது வந்தது.

அறுவை சிகிச்சைக்கு முந்தின நாள் சாயங்காலம், ஆற்றங்கரையில் ஒலிபெருக்கி கட்டிய ஜீப் வந்து அறிவித்தது: நாளைக் காலையில் குடிசைகளை எடுக்கிறோம். நகரத்துக்கு வெளியே மனை தருகிறோம். ரேஷன் அட்டையில் யார் பெயர் இருக்கிறதோ அவர் நேரில் வந்து டோக்கன் வாங்கிக்கொண்டு, சாமான்களை லாரியில் ஏற்ற வேண்டும்.

அட்டையில் இருந்த பெயர் மண்ணாங்கட்டி.

"காலைல ஆஸ்பத்திரிக்குப் போய் ரத்தம் குடுத்துட்டு ஒடனே வந்துர்றேன்" என்று ஷீலாவிடம் சொல்லிவிட்டுப் போனான். ரத்தம் கொடுத்தான். செல்லக்கனியை உள்ளே கொண்டுபோனார்கள். கதவு சாத்தியதும் வெள்ளத்துரை நடைபாதைத் தரையில் அப்படியே சரிந்து உட்கார்ந்துவிட்டார். "மாப்ளே, போயிராத. எனக்கு இங்க ஒருத்தரையும் தெரியாது" என்று அவன் கையைப் பிடித்துக்கொண்டார்.

நான் இங்கே இரண்டு விதமாக எழுதிப் பார்த்தேன். ஒன்றில் அவன் கையை உதறிவிட்டு ஓடுகிறான், டோக்கன் வாங்குகிறான். அப்படி எழுதியது எனக்குப் பிடித்திருந்தது. ஆனால் நானே அங்கே இருந்தேனே! நாத்தனாருக்கு வெந்நீர் எடுத்துக்கொண்டு அந்த நடைபாதையில் நாலைந்து தடவை போய்வந்தேன். ஒவ்வொரு தடவையும் அவன் அங்கேயேதான் இருந்தான். வெள்ளத்துரை அவன் கையை விடவில்லை. ஏன் அவன் வாசல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தான் என்று எனக்கு அன்றைக்குத் தெரியாது.

ஆற்றங்கரையில் பெயரைக் கூப்பிட்டார்கள். ஷீலா, "நான் அவரு சம்சாரம்" என்று சொல்லிப் பார்த்தாள். ஆள் வர வேண்டும் என்றார்கள். குடிசை இடிந்தபிறகும் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு, கடைக்காவது வந்திருப்பானா என்று பாண்டி பஜாருக்கு ஓடினாள்.

"அவரு எங்க? மண்ணாங்கட்டி எங்க?" என்று வாசலிலிருந்தே கத்தினாள்.

"யாரும்மா மண்ணாங்கட்டி?" என்றார் ஷாஹுல் ஹமீது.

சொல்லிவிட்டோம் என்பது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. ஆனால் அவளுக்கு அதைப் பற்றிக் கவலைப்பட நேரமில்லை.

"உங்க பொன்ராஜுதான். அவரு பேரு மண்ணாங்கட்டி. எங்க வூட்ட இடிச்சிட்டாங்க அண்ணாச்சி. பேரக் கூப்ட்டாங்க, ஆளு இல்ல."

சாயங்காலம் பொன்ராஜ் போய்ச் சேர்ந்தபோது லாரிகள் போய்விட்டிருந்தன. விசாரிக்கலாம், மனு கொடுக்கலாம் என்றார்கள். கொடுத்தான். மனை கிடைக்கவேயில்லை.

7

சில நாள் கழித்து, பார்வையாளர் நேரத்தில் ஷாஹுல் ஹமீது வார்டுக்கு வந்தார். வெள்ளைச் சட்டை, தொப்பி. பின்னால் ஷீலா. செல்லக்கனி தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். ஒரு பக்கம் வெள்ளத்துரை, காலடியில் பொன்ராஜ். அடுத்த கட்டிலில் நாத்தனாருக்குக் கஞ்சி ஆற்றிக்கொண்டிருந்தேன் நான். இந்தக் காட்சிக்கு நானே சாட்சி. இதில் எதையும் சேர்க்கவில்லை.

ஷாஹுல் ஹமீது செல்லக்கனியிடம் உடம்பை விசாரித்தார். பிறகு பொன்ராஜ் பக்கம் திரும்பினார். சத்தம் போடவில்லை.

"ஏழு வருசம். ஒரே சட்டியில தின்னோம். ஏன்ட்ட ஒரு நாளாவது சொல்லணும்னு தோணலையா ஒனக்கு?"

"தோணுச்சு அண்ணாச்சி."

"பின்ன?"

"மெட்ராஸ்காரன்னு சொல்லியிருந்தா அன்னிக்கி வேலை குடுத்திருப்பீங்களா?"

ஷாஹுல் ஹமீது யோசித்தார். பொய் சொல்லிப் பழக்கமில்லாத மனிதர்.

"குடுத்திருக்க மாட்டேன்."

அதுவரை பொன்ராஜ் அவரிடம் ஒரு நாளும் தன் பேச்சில் பேசியதில்லை. அன்றைக்குப் பேசினான்.

"நான் இந்த ஊரு அண்ணாச்சி. எங்க நைனா இந்த ஊரு, அவங்க நைனா இந்த ஊரு. தேரிவிளைக்காரனுக்கு சங்கம் கீது. மதுரைக்காரனுக்கு கீது, கேரளாக்காரனுக்கு கீது. இந்த ஊர்ல இந்த ஊர்க்காரனுக்கு ஒரு சங்கம் கீதா? இருந்தா சொல்லுங்க, நான் இன்னாத்துக்கு உங்ககிட்ட வரப்போறேன்?"

கஞ்சிக் கரண்டியைக் கீழே வைத்துவிட்டேன். எத்தனையோ பக்கம் ஷாங்காயைப் பற்றிப் படித்திருந்தேன். இந்தக் கேள்வி எனக்குத் தோன்றியதில்லை.

ஷாஹுல் ஹமீது செல்லக்கனியைப் பார்த்தார்.

"நீ சொல்லும்மா. இவன் ஒந் தம்பியா?"

வெள்ளத்துரை திடுக்கிட்டு மனைவியின் முகத்தைப் பார்த்தார். அவள் அவரைப் பார்க்கவில்லை.

"அண்ணாச்சி, நான் எழும்பூர்ல எறங்கையில இவன் வந்து நின்னான். ஏங் கூடப்பொறந்தவன் வரல. எனக்கு ரத்தம் குடுத்துட்டு இவன் வீட்டை இழந்துட்டு நிக்கான். இவன் ஏந் தம்பி இல்லன்னா அத நான்லா சொல்லணும்? நான் சொல்லல."

"அப்ப... இவன் பொன்ராசு இல்லியா?" என்றார் வெள்ளத்துரை. "ஏன்ட்ட ஏன் மறச்ச?"

"சொல்லியிருந்தா என்ன செஞ்சிருப்பீய?"

அவர் கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

"அன்னைக்குச் சாயங்கால ரயிலுக்கே டிக்கெட் எடுத்திருப்பீய" என்றாள் செல்லக்கனி. கோபமாகச் சொல்லவில்லை. இருக்கிறதைச் சொன்னாள்.

வெள்ளத்துரை எழுந்து ஜன்னல் பக்கம் போய் நின்றார். பார்வையாளர் நேரம் முடிந்து நர்ஸ் வந்து எல்லோரையும் வெளியே போகச் சொன்னபோது, அவர் திரும்பி வந்து பொன்ராஜின் தோளைப் பிடித்துக்கொண்டுதான் படியிறங்கினார். அவனை எந்தப் பெயரும் சொல்லிக் கூப்பிடவில்லை. "வா" என்றார், அவ்வளவுதான்.

8

முடிவுகள்.

அ) நிஜப் பொன்ராஜ் பம்பாயிலிருந்து திரும்பி வருகிறான். கருப்புக் கண்ணாடி, சூட்கேஸ். இதை நாலு பக்கம் எழுதினேன். ஸ்ரீரங்கனுக்கு ரொம்பப் பிடித்தது. "இதையே வெச்சுக்கோயேன், ஜனங்க சந்தோஷமா மூடி வெப்பா" என்றார். கிழித்துப் போட்டேன். இன்று, 1998 ஆவணி வரை, அவன் வரவில்லை. செல்லக்கனி பரிசோதனைக்காகச் சென்னை வரும்போதெல்லாம், எழும்பூரில் இறங்கியதும் முதலில் சுற்றுமுற்றும் பார்க்கிறாள். அப்படி ஒரு பெண் இருக்கும்போது, அவள் தம்பியைக் காகிதத்தில் வரவழைக்க எனக்கு மனசு வரவில்லை.

ஆ) சங்கம் கூடி, இனிமேல் எந்த ஊர்க்காரரும் உறுப்பினராகலாம் என்று தீர்மானம் போடுகிறது. இது நடக்கவில்லை. விதி அப்படியே இருக்கிறது. ஷாஹுல் ஹமீதின் கடையில் இன்றைக்கும் தேரிவிளை ஆட்கள்தான், ஒருவனைத் தவிர.

இ) அவனை வேலையைவிட்டு அனுப்புகிறார்கள். இதற்குச் சங்கத்தில் ஆள் இருந்தது. "நாளைக்கு எவன் வேணாலும் வந்து நம்ம ஊருன்னுவான்" என்று இரண்டு பேர் எழுந்து பேசினார்கள். ஊர் என்று அவர்கள் சொன்னது ஊரை மட்டும் இல்லை, அதற்குள் இருக்கிற சாதியையும்தான் என்பது உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அங்கே யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. ஷாஹுல் ஹமீது கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "ரயிலடிக்கு இனிமே யாரு போறிய? கைய தூக்குங்க" என்றார். பேச்சு அதோடு நின்றது.

ஈ) நடந்தது.

சங்கக் கட்டடத்தின் பின்னால் ஓர் அறை உண்டு. சென்னையில் ஒண்ட இடமில்லாத தேரிவிளைக்காரருக்கு என்று கட்டியது. ஆற்றங்கரையில் மிச்சமிருந்த பாத்திரங்களுடன் ஷீலாவும் அவனும் சைதாப்பேட்டையில் அவளுடைய சித்தி வீட்டு வராந்தாவில் இருந்தார்கள். இந்த ஊரிலேயே பிறந்தவனுக்கு இந்த ஊரில் வீடு இல்லை. அப்போதுதான் ஷாஹுல் ஹமீது அவர்களைக் கூப்பிட்டு, அறைச் சாவியை ஷீலாவிடம் நீட்டினார்.

ஷீலா உடனே வாங்கிக்கொள்ளவில்லை.

"யாருக்குக் குடுக்கறீங்க அண்ணாச்சி? அத சொல்லிட்டுக் குடுங்க" என்றாள். "பொன்ராஜுக்கா, எங்க வூட்டுக்காருக்கா?"

ஷாஹுல் ஹமீது ஒரு பெயரைச் சொன்னார். ஷீலா சாவியை வாங்கிக்கொண்டாள்.

அவர் சொன்ன பெயர் எனக்குத் தெரியும். அவரிடமே கேட்டேன். எழுதவும் எழுதினேன், நேற்று சாயங்காலம் அந்த வரியை எடுத்துவிட்டேன். ஒரு பெயரை எழுதினால் அறை ஊர்க்காரனுக்குக் கிடைத்ததாகிறது. இன்னொன்றை எழுதினால் விதியை மீறிக் கிடைத்ததாகிறது. அவரை எப்படிப்பட்ட மனிதராக நீங்கள் நினைக்கிறீர்களோ, அதற்குத் தகுந்த பெயரை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்:

"__________ க்கு" என்றார் ஷாஹுல் ஹமீது.

எந்தப் பெயரைப் போட்டாலும் தப்பில்லை. போன வாரம் பாண்டி பஜாரில் கூட்டத்துக்கு நடுவே அவன் போய்க்கொண்டிருந்தான். எனக்கும் குழப்பம்தான். இரண்டு பெயரையும் ஒன்றன்பின் ஒன்றாகச் சொல்லிக் கூப்பிட்டேன். முதல் பெயருக்கே திரும்பிவிட்டான். இரண்டாவதற்கும், "இன்னா டீச்சர்?" என்றான்.